பழுது பார்க்கக் கூலி உண்டு, கண்டுபிடிக்க?

கோவைப் பக்கம் "புல்லிங்கே இல்லீங்க" என்பார்கள். சென்னையில் "பிக்கப் சுத்தமா போயிடுச்சு சார்". வண்டி இழுக்கவில்லை என்பதை எப்படிச் சொன்னாலும் அடுத்து ஒர்க்‌ஷாப்பில் நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். முதலில் ஏர் ஃபில்டர் மாறும். சரியாகாது. அடுத்து டீசல் ஃபில்டர். சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் இன்ஜெக்டர் கிளீனிங். அதற்கும் மசியவில்லை என்றால் "டர்போ வீக்கா இருக்கும் போல" என்று பேச்சு எழும். அதற்குப் பல பத்தாயிரம் ரூபாய். டர்போவும் மாறிய பிறகு, அதிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் உட்காரும் இடத்தை ஒட்டி, ஒரு வெடிப்பு இருப்பது யார் கண்ணிலாவது படும். வண்டி நிற்கும்போது மூடிக்கொண்டிருந்து, மேட்டில் மிதிக்கும்போது மட்டும் வாய் திறக்கிற வெடிப்பு.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. மெக்கானிக் மாற்றிய ஒவ்வொரு பொருளும் புதிது, ஒரிஜினல், பில்லோடு வந்தது. ஆனால் அந்த பில்லை எடுத்துப் பாருங்கள். பார்ட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். லேபர் என்று ஒரு பக்கம் இருக்கும். பழுது எங்கே என்று தேடிய நேரத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. தேடியதற்குக் காசு கிடையாது, மாற்றியதற்குத்தான் காசு என்றால், மாற்றி மாற்றித் தேடுவதுதான் தொழிலாகிவிடும். குற்றவாளிக் கூண்டில் மெக்கானிக்கை மட்டும் நிறுத்துவது நியாயமில்லை. ஒரு மணி நேரம் குனிந்து பார்த்து "ஹோஸ்தான் சார், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்கிறவரிடம், "சும்மா பாத்ததுக்கு ஐந்நூறா?" என்று கேட்கிறவர் வண்டிக்காரர். அதே ஆள், தேவையில்லாத ஒரு சென்சாருக்கு ஐயாயிரம் கேட்டால் கார்டை நீட்டுகிறார்.

இன்ஜினின் இழுவை குறைவது தேடலைக் கட்டாயமாகக் கேட்கிற கோளாறு. டயர் பஞ்சரானால் காற்று போன டயரே சாட்சி. பேட்டரி இறங்கினால் வண்டியே கிளம்பாது. இழுவை குறைவதற்கோ ஒரே அறிகுறியும் இரண்டு டஜன் காரணங்களும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குச் செலவு பூஜ்யம். சில லட்சத்தைத் தொடும்.

முதல் கேள்வியே, கோளாறு உண்மையில் இருக்கிறதா என்பதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் எரிபொருளையும் குறைத்தாக வேண்டும், திறனும் குறையும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் 80 குதிரைத்திறன் தருகிற, டர்போ இல்லாத பெட்ரோல் கார் அந்த உயரத்தில் 65-ஐ ஒட்டித்தான் தரும். நான்கு பேர், பின்னால் பெட்டிகள், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் என்றால் வண்டி முனகத்தான் செய்யும். டர்போ வைத்த கார், காற்றைத் தானே அழுத்தி உள்ளே தள்ளிக்கொள்வதால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். பக்கத்து வீட்டு டர்போ கார் சுளுவாக ஏறிவிட்டது என்பதற்காகத் தன் காரில் பழுது என்று முடிவு கட்டி மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் மெக்கானிக்கைத் தேடுகிறவர்கள் உண்டு.

வெயிலும் இப்படித்தான். 25 டிகிரிக் காற்றைவிட 45 டிகிரிக் காற்று சுமார் 6 சதவீதம் மெலிந்தது. சித்திரை மாதத்து மதியத்தில், வேலூர் பக்கம், ஏசி கம்ப்ரசரையும் சேர்த்துச் சுழற்றும் 800 சிசி இன்ஜின் மார்கழி விடியலில் ஓடியதுபோல் ஓடாது.

இன்னொரு வகைப் புகாரும் உண்டு. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை இந்தியச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனிகளின் கார்களில் உட்கார்ந்ததால், அதை 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்றே மோட்டார் பத்திரிகையாளர்கள் அழைத்தார்கள். அதன் 75 குதிரைத்திறன் வடிவத்தில் உச்ச முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பதோ 2,000 ஆர்பிஎம்மில். அதற்குக் கீழே டர்போ இன்னும் விழிக்காத நிலை. வேகத்தடையைத் தாண்டியதும் மூன்றாம் கியரிலேயே மிதித்தால் வண்டி யோசிக்கும். இரண்டாம் கியருக்கு இறக்கினால் பாயும். புதிதாக வாங்கியபோதே இப்படித்தான் இருந்தது என்றால் அது வண்டியின் சுபாவம். போன மாதம் வரை இல்லாமல் இந்த மாதம் வந்தது என்றால்தான் கோளாறு.

அடுத்து, கோளாறு இன்ஜினில்தானா? கிளட்ச் தேய்ந்த வண்டியில் இன்ஜின் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். மிதித்தால் ஆர்பிஎம் முள் சரசரவென்று ஏறும். ஸ்பீடோமீட்டர் முள் அசைந்து கொடுக்காது. மேட்டில் லேசாகக் கருகிய வாடை வரும். பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டாலும் இதே புகார்தான். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் போதும். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாகவும் ஒன்று மட்டும் அனலாகவும் இருந்தால், இன்ஜின் பக்கமே போக வேண்டாம். தொடத் தேவையில்லை, தொட்டால் சுடும். காசு செலவில்லாத இந்த இரண்டு சோதனைகளைச் செய்யாமலே எத்தனை இன்ஜெக்டர்கள் கழற்றப்பட்டிருக்கும் என்பதை இந்த ஊரின் ஒர்க்‌ஷாப்புகள்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பானெட். நல்ல மெக்கானிக் அதற்கும் முன்னால் வாயைத் திறப்பார். எப்போதிலிருந்து? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? காலையில் எடுத்ததுமா, சூடேறிய பிறகா? எல்லா கியரிலுமா, ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேலா? கடைசியாக எங்கே எரிபொருள் போட்டீர்கள், தேங்கிய தண்ணீரில் ஓட்டினீர்களா, ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் எலி நடமாட்டம் உண்டா? வெட்டிப் பேச்சு போலத் தெரியும் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு டஜன் காரணங்களைத் தள்ளுபடி செய்கின்றன. நேற்று இரவு வரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலை இழுக்கவில்லை என்றால், கழன்ற ஹோஸ், செத்த இக்னிஷன் காயில், எலி கடித்த ஒயர் என்று தேட வேண்டும். ஆறு மாதமாகத் தேய்ந்துகொண்டே வந்தது என்றால் அடைபட்ட ஃபில்டர், அடைபட்ட சைலன்சர் பக்கம், தேய்ந்த இன்ஜின். பங்கிலிருந்து வெளியே வந்து ஐந்தாவது கிலோமீட்டரில் ஆரம்பித்தது என்றால் டேங்கில் தண்ணீரோ, டீசல் வண்டிக்குள் பெட்ரோலோ. குளிர்ந்த இன்ஜினில் ஒழுங்காக இருந்து, சூடேறியதும் மக்கர் செய்தால் காயில், எரிபொருள் பம்பு ஆகியவற்றின் மேல்தான் முதல் சந்தேகம்.

புகைக்கும் நிறம் உண்டு. டீசல் வண்டி மிதிக்கும்போது கரும்புகை கக்கினால் எரிபொருள் போதுமான அளவு போகிறது, காற்றுதான் போகவில்லை என்று பொருள். ஹோஸ் வெடிப்பும், எரிந்த புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கொள்வதும் அந்தப் பக்கத்து ஆட்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல், சத்தமும் மாறாமல், பலம் மட்டும் இல்லை என்றால் எரிபொருள் வரத்தைப் பார்க்க வேண்டும்.

காரணங்கள் ஒன்றையொன்று பெற்றுப்போடும் என்பதுதான் பார்ட்ஸ் மாற்றும் வைத்தியம் தோற்கிற இடம். ஒரு பெட்ரோல் காரில் ஒரு காயில் பலவீனமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறி, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற செராமிக் உருகிக் கட்டியாகும். எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். வண்டி மெக்கானிக்கிடம் வரும்போது கண்ணுக்குத் தெரிவது அடைபட்ட கன்வெர்ட்டர்தான். பெருந்தொகை கொடுத்து அதை மாற்றி, காயிலை விட்டுவிட்டால், புதிய கன்வெர்ட்டரும் சில மாதங்களில் அதே கதிக்குப் போகும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதற்கும் மினுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மினுக்கினால், கன்வெர்ட்டரைப் பாழாக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடந்துகொண்டிருக்கிறது. காலை எடுத்துவிட்டு ஓரம் கட்டுவதுதான் லாபம். வண்டியோடு வரும் கையேட்டில் இது இருக்கிறது. கையேடு டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது.

"இப்போதுதான் ஸ்கேனர் இருக்கிறதே, மாட்டினால் அதுவே சொல்லிவிடுமே" என்பார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் குறியீடு வரும், உண்மைதான். இந்தியாவில் பிஎஸ்4 மாசு விதிக்கு உட்பட்ட கார்களுக்கு இந்த ஏற்பாடு 2010-லும், அதன் முழுமையான இரண்டாம் கட்டம் 2013-லும் கட்டாயமானது. ஆனால் ஸ்கேனர் தருகிற குறியீடு எஃப்.ஐ.ஆர். மாதிரி, புகார் பதிவாகியிருக்கிறது என்பதற்குத்தான் அது அத்தாட்சி, தீர்ப்பு அல்ல. பி0299 என்று ஒரு குறியீடு. 'டர்போ தர வேண்டிய அழுத்தம் கிடைக்கவில்லை' என்பது மட்டுமே அதன் பொருள். ஹோஸ் வெடித்திருந்தாலும் அதுதான் வரும். டர்போவை இயக்கும் குட்டியூண்டு வேக்வம் பைப்பில் ஓட்டை விழுந்தாலும் அதுதான். அழுத்தத்தை அளக்கும் சென்சார் பொய் சொன்னாலும் அதுதான். டர்போவே கெட்டுப்போவது அந்தப் பட்டியலின் கடைசியில் நிற்கிறது. ஆனால் குறியீட்டில் 'டர்போ' என்ற சொல் வந்துவிட்டதால், அதைப் படித்த வேகத்தில் டர்போவுக்கு ஆர்டர் போய்விடுகிறது.

ஸ்கேனரின் உண்மையான பலம் குறியீட்டில் இல்லை. வண்டி ஓடும்போது அது காட்டும் எண்களில் இருக்கிறது. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளில்லாத ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் முழுக்க மிதிக்கச் சொல்லித் திரையைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் 2.1 பார், கிடைத்தது 1.4 என்று வந்தால், எங்கோ கசிவு அல்லது டர்போ இயங்கவில்லை. கேட்டதே 1.4 என்று வந்தால் கதை வேறு: வேறு ஏதோ ஒரு சென்சாரின் பேச்சைக் கேட்டு, கம்ப்யூட்டர் தானாகவே இன்ஜினைக் கட்டிப்போட்டிருக்கிறது. லிம்ப் மோடு என்று மெக்கானிக்குகள் சொல்லும் நிலை அது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நிறுத்தி வைத்துச் சும்மா ரேஸ் கொடுத்தால் இது தெரியாது, ஏனென்றால் சுமை இல்லாமல் டர்போ அழுத்தம் கட்டாது.

பெட்ரோல் காரில் ஃப்யூயல் ட்ரிம் என்று ஓர் எண் உண்டு. கணக்குப்படி போட வேண்டிய பெட்ரோலைவிடக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ போடுகிறது என்பதை அது சதவீதத்தில் சொல்லும். நின்ற நிலையில் கூட்டல் 20 என்று காட்டி, 2,500 ஆர்பிஎம்முக்குப் போனதும் பூஜ்யத்தை நெருங்கினால், இன்டேக்கில் எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. நின்ற நிலையில் ஒழுங்காக இருந்து, மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் வரத்து போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு. இரண்டுக்கும் வரும் குறியீடு ஒன்றே, பி0171. குறியீட்டை மட்டும் படிக்கிறவர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார். பாவம், அது உண்மையைச் சொன்ன சென்சார்.

எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும் என்றும் இல்லை. பழைய வேக்வம் கேஜ் ஒன்று போதும், பெட்ரோல் இன்ஜினின் மூச்சை அளக்க. நல்ல இன்ஜின் நின்ற நிலையில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் முள்ளை ஆடாமல் வைத்திருக்கும். 2,500 ஆர்பிஎம்மில் அப்படியே பிடித்து வைத்தால், சைலன்சர் பாதை அடைபட்ட வண்டியில் முள் மெல்ல மெல்லக் கீழே சரியும். டீசலில் இன்னும் எளிய ஒரு சோதனை இருக்கிறது. நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பி வரும் டீசலுக்கான குழாய்களை நான்கு சின்ன கண்ணாடிப் பாட்டில்களில் விட்டு, பானெட்டுக்கு அடியில் தொங்கவிட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுவது. மூன்று பாட்டிலில் இரண்டு விரல் உயரமும் ஒன்றில் மட்டும் பாதிக்கு மேலும் டீசல் நின்றால், உள்ளுக்குள் கசியும் இன்ஜெக்டர் எது என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். நான்கையும் மாற்றச் சொன்ன இடத்தில் ஒன்றோடு முடியும்.

தேடாமல் தப்பிக்கிற குறுக்குவழிகளும் இங்கே வளர்ந்திருக்கின்றன. இஜிஆர் தொல்லை தருகிறதா, ஒரு தகட்டை வெட்டி வைத்து அடைத்துவிடு. கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டதா, உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிடு. டிபிஎஃப் விளக்கு எரிகிறதா, சாஃப்ட்வேரில் 'ஆஃப்' பண்ணிவிடு. வண்டி சில நாள் நன்றாகத்தான் ஓடும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது என்பது ஒருபக்கம். அந்தப் பாகம் ஏன் அடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது என்பது இன்னொரு பக்கம்.

டிபிஎஃப்பைக் கொஞ்சம் விரித்துப் பேச வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 விதி வந்த பிறகு டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் இந்தக் கரி வடிகட்டி உட்கார்ந்தது. சேரும் கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்கினால்தான் அது உயிரோடு இருக்கும். அதற்கு நெடுஞ்சாலையில் நிற்காமல் கால் மணி, இருபது நிமிட ஓட்டம் தேவை. அடையாறிலிருந்து தரமணிக்கு தினமும் சிக்னல் சிக்னலாக நின்று போய் வருகிறவரின் டீசல் எஸ்யூவியில் அந்த வாய்ப்பே வராது. கரி அடையும், விளக்கு எரியும், பிறகு கம்ப்யூட்டர் இழுவையைக் குறைக்கும். இங்கே கெட்டுப்போனது பார்ட்ஸே அல்ல. அந்த ஓட்டத்துக்கு அந்த வண்டி பொருத்தமில்லை. ஷோரூமில் விற்பவர் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை, மூன்று வருடம் கழித்து ஸ்கேனர் கேட்கிறது.

இப்போதைய புதிய குற்றவாளி எத்தனால். 2025-இல் பெட்ரோலில் 20 சதவீதக் கலப்பை நாடு எட்டியபோது கிளம்பிய கோபம் முழுக்க ஆதாரமில்லாதது அல்ல. லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பழைய ரப்பர் பாகங்களுக்கும் அது உகந்ததல்ல. ஆனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது வேறு, மேம்பாலத்தில் வண்டி ஏற மறுப்பது வேறு. கள்ளக் காற்றும், அடைபட்ட ஃபில்டரும், செத்துக்கொண்டிருக்கும் காயிலும் எத்தனாலின் பெயரில் ஒளிந்துகொள்கின்றன. "எல்லாம் இந்த பெட்ரோல்தான் சார்" என்று சொல்வது யாருக்கும் சங்கடம் தராத பதில்; மெக்கானிக் தேட வேண்டாம், வண்டிக்காரர் செலவழிக்க வேண்டாம், அரசாங்கத்தைத் திட்டிவிட்டுக் கிளம்பலாம்.

ஊர் நம்பிக்கைகளை அளந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நல்ல உதாரணம். ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துக் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் நவீன பெட்ரோல் கார்களில் மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வேகம் எடுக்கும் நேரத்தில்தான் வித்தியாசம், புதிய ஃபில்டர் போட்டால் 6 முதல் 11 சதவீதம் முன்னேற்றம். மைலேஜுக்காக ஃபில்டர் மாற்றச் சொல்லும் சர்வீஸ் அட்வைசரும், ஃபில்டரால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாகச் சொல்லும் பெரியவரும் ஒரே நேரத்தில் தவறு.

ஆக, சோதனைக்குக் காசு என்ற வழக்கம் வர வேண்டும். ஆனால் அந்தக் காசை வாங்கிக்கொண்டு சோதிக்கத் தெருமுனை மெக்கானிக்கிடம் கருவியும் தகவலும் இருக்க வேண்டுமே? இந்த இடத்தில் பழி கார் கம்பெனிகளிடம் போகிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், அதற்கான தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவற்றை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யவும் ஆணையம் உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடுகளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. 2022-இல் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது, கார்களும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே இந்தக் கேள்வியை மக்கள் வாக்குக்கு விட்டார்கள். 85 சதவீதத்துக்கும் மேலானவர்கள் வெளி மெக்கானிக்கின் பக்கம் நின்றார்கள்.

பூட்டு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பல காமன் ரெயில் டீசல் கார்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளக் குறியீடு அச்சடித்திருக்கும். புதிய இன்ஜெக்டரைப் போட்டால் அந்தக் குறியீட்டை வண்டியின் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். அப்போதுதான் அளவு துல்லியமாகும். கைக்கடக்கமான மலிவு ஸ்கேனரால் அது முடியாது. பாட்டில் சோதனை செய்து, கெட்ட இன்ஜெக்டரைச் சரியாகக் கண்டுபிடித்து, அழகாக மாற்றிய மெக்கானிக், குறியீட்டை எழுத வழியில்லாமல் வண்டியைக் குலுங்கலோடு திருப்பித் தருகிறார். பெயர் கெடுவது அவருக்கு.

கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் இதற்கு மாற்று என்று எண்ணிவிட முடியாது. அங்கே கருவி இருக்கிறது, நேரம் இல்லை. இழுவை குறைவாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த ஜாப் கார்டில் 'டீகார்பனைசிங்', 'த்ராட்டில் பாடி கிளீனிங்', 'இன்ஜின் ஃப்ளஷ்' என்று மூன்று வரி சேர்ந்து வரும். கேட்டால் "பண்ணிட்டா நல்லது சார்" என்பார்கள். இவை எல்லாம் சோதனைக்குப் பிறகு தேவைப்பட்டால் செய்ய வேண்டிய வேலைகள். சோதனைக்குப் பதிலாகச் செய்யப்படுகின்றன.

மாற்றத்தை வண்டிக்காரர் தொடங்கலாம். ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுக்கும்போதே சோதனைக்கு எவ்வளவு என்று கேட்டு, தொகையைப் பேசி, ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்பதும் எழுத்தில் வேண்டும்: எந்தக் குறியீடு, மேட்டில் ஓட்டியபோது அழுத்தம் எவ்வளவு, கம்ப்ரஷன் பார்த்திருந்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை பிஎஸ்ஐ. 'டர்போ வீக்' என்பது சோதனை முடிவல்ல; 'கேட்டது 2.1, கிடைத்தது 1.4, புகை விட்டுப் பார்த்ததில் ஹோஸில் கசிவு இல்லை, வேக்வம் பைப் சரி' என்பதுதான் முடிவு. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்களோடு வேறொரு மெக்கானிக்கிடம் போய் விசாரிக்கவும் வண்டிக்காரருக்கு உரிமை வேண்டும். அமெரிக்காவில் பல ஒர்க்‌ஷாப்புகள் ஒரு மணி நேரக் கூலியைச் சோதனைக் கட்டணமாக வாங்கி, வேலையை அங்கேயே கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்கின்றன. இங்கேயும் ஓர் ஊரின் மெக்கானிக் சங்கம் கூடிப் பேசினால், வீல் அலைன்மென்ட்டுக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு ரேட்டை எழுதி ஷட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட முடியும்.